அவர் சொன்னதும் நான் சொன்னதும்

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளியை மூடப் போகிறார்கள். ஆணை சனிக்கிழமையே வந்துவிட்டதாம். தலைமையாசிரியை ஜெசிந்தா மிஸ் இன்று காலை அதை நகலெடுக்க என் இ-சேவை மையத்துக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். "படிச்சிட்டு அப்புறம் எடு முனீஸ்" என்று காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

கோவிலாங்குறிச்சி காது கேளாதோர் நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர், அதில் பெண் பிள்ளைகள் இருபத்திரண்டு. எண்ணிக்கை குறைவு, விடுதிக் கட்டடத்தின் மேற்கூரை உறுதியாக இல்லை; ஆகவே ஜூன் முதல் பிள்ளைகளை எழுபது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது. ஆட்சேபணை இருந்தால் ஏப்ரல் நான்காம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அங்கே படித்தவர்கள். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அங்கேதான் பழகினார்கள், அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா தவசிலிங்கம் இப்போது காது கேளாதோர் நலச் சங்கத்தின் செயலாளர். ஆப்செட் பிரஸ்ஸில் முப்பத்தாறு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். மகள் எனக்கு மட்டும் காது கேட்கும்.

சாயங்காலம் அப்பா மனு எழுதச் சொன்னார். அவர் கை சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஒன்பது விஷயம் சொன்னார். எழுபத்து நான்காம் வருடத்தில் அவர் பள்ளியில் சேர்ந்ததில் தொடங்கி, கிணற்றில் மோட்டார் கெட்டுப்போனது வரைக்கும். மனு எழுதுவது என் பிழைப்பு. எம்.எல்.ஏ. ஒரு தாளுக்கு மேல் திருப்ப மாட்டார், ஒரு கோரிக்கைக்கு மேல் அவர் மனதில் நிற்காது, முதல் நாலு வரியில் என்ன வேண்டும் என்று இல்லாவிட்டால் மனு கட்டோடு கட்டாகப் போய்விடும். ஒன்பதையும் ஒன்றாக்கினேன். 'மேற்கூரையைத் தொகுதி நிதியில் பழுதுபார்த்துத் தந்தால் ஆணையை ரத்து செய்ய வழி உண்டு. இது குறித்துச் சட்டமன்றத்திலும் பேச வேண்டுகிறோம்.' அப்பா படித்துப் பார்த்துவிட்டு, என் கதையை வெட்டிவிட்டாய் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிப்ரவரி 6, வியாழன்

பதினோரு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம், அண்டா, குடம் எல்லாம் நிறைந்தன. வேறு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எம்.எல்.ஏ. அலுவலகம். அப்பா, நான், சங்கப் பொருளாளர் இருளப்பண்ணன். அவருக்கும் காது கேட்காது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். உதவியாளர் குருநாதன் வந்து, "அய்யா வெளியூர் போயிட்டாருங்க. வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வந்திருங்க, நானே உள்ள அனுப்புறேன்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

கிளம்பும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, "உங்க அப்ளிகேஷனும் இங்கதான் இருக்கும்மா, அய்யா லெட்டருக்கு வச்சிருக்கேன்" என்றார். மாவட்ட அலுவலகத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போன வருடம் போட்டிருந்தேன். எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது என்றார்கள். அதற்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை. எதற்கு அதை இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

உள்ளே நான்கு நிமிடம் இருந்தோம். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எம்.எல்.ஏ. மனுவை வாங்கி, படிக்காமலேயே குருநாதனிடம் கொடுத்தார். "நீ சொல்லும்மா, என்ன விசயம்?"

"சார், பள்ளிக்கூடத்தை மூட ஆர்டர் வந்திருக்கு. ஹாஸ்டல் கூரையை மட்டும் சரி பண்ணிட்டா திரும்ப வாங்கிருவாங்க. உங்க நிதியில அதைச் செஞ்சு குடுக்கணும். சபையில ஒரு வார்த்தை பேசணும். அவ்வளவுதான் சார்."

"எத்தனை பிள்ளைக படிக்குது?"

"முப்பத்தெட்டு சார்."

"முப்பத்தெட்டா?" குருநாதன் பக்கம் திரும்பினார். "முந்நூறுன்னுல்லய்யா சொன்னீரு?" அப்புறம் என்னிடம், "நிதியெல்லாம் ரோட்டுக்கும் சமுதாயக்கூடத்துக்கும் எழுதியாச்சும்மா. சபையில எனக்குக் கிடைக்கிறதே ரெண்டு நிமிசம், அதுல இதை எங்கிட்டுப் பேச? பாப்போம்."

அப்பா என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதற்குள் எம்.எல்.ஏ. அப்பாவைக் காட்டி, "அய்யா என்ன வேலை பாக்காரு?" என்றார்.

"ஆப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறாரு சார். இதே ஸ்கூல்ல படிச்சவரு."

"படிச்சும் பிரஸ்ஸுதான? படிக்காட்டியும் பிரஸ்ஸுதான்." சிரித்தார். குருநாதனும் சிரித்தார். அங்கே நின்ற இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா முகமெல்லாம் விரிந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். எதற்கு இப்படிக் கும்பிடுகிறார் என்று எம்.எல்.ஏ.வுக்குப் புரியவில்லை. ஆனாலும் பதிலுக்குக் கும்பிட்டார்.

இருளப்பண்ணன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தார். சங்கத்து ஆட்களுக்குக் காட்டுவதற்காம். வரும் வழியில் அப்பா அல்வா வாங்கினார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் சங்கக் கூட்டம். எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அப்பா பெஞ்சு மேல் ஏறி நின்று சொன்னார். எம்.எல்.ஏ.வுக்கு அவர் வைத்திருக்கும் சைகைப் பெயர், தோளில் சால்வையை இழுத்துவிடுவது. சால்வைக்காரர் கூரையைச் சரிசெய்து தருகிறார். சால்வைக்காரர் சட்டமன்றத்தில் பேசுகிறார். நம் உழைப்பைப் பாராட்டினார். எழுபது பேரும் கைகளைத் தூக்கி விரல்களை அசைத்தார்கள். எங்கள் ஆட்களின் கைதட்டல் அப்படித்தான்.

அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டார். நான் அவ்வளவு சொல்லவில்லை.

பஞ்சவர்ணக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் மகள் சுபிக்‌ஷா நாலாம் வகுப்பு. "எழுவது கிலோமீட்டருக்கு அங்கிட்டு பொம்பளப் பிள்ளைய எப்படி முனீசு விடுவேன்? அவுகப்பா ஒரேயடியா படிப்ப நிப்பாட்டுன்னுட்டாரு. நீதான் சாமி போயிப் பேசி இதை நிறுத்துன." நான் ஒன்றும் செய்யவில்லைக்கா என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெசிந்தா மிஸ் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், ஆட்சேபணையைக் கொடுத்துவிட்டு உடனே உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம், ஏப்ரல் நான்கைத் தாண்டவிடாதீர்கள் என்றாராம். பெற்றோர்களின் கையெழுத்து வேண்டும், சங்கத்தின் தீர்மானம் வேண்டும்.

நான் அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

அப்பா மறுத்துவிட்டார். எம்.எல்.ஏ. வாக்குக் கொடுத்திருக்கும்போது கோர்ட்டுக்குப் போனால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். கோபித்துக்கொண்டு விட்டுவிடுவார். சபை நடக்கட்டும், பொறுப்போம்.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்று மிஸ் என்னைக் கேட்டார். மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்று சைகை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்பா சொல்றதுதான் மிஸ் என்றேன்.

மார்ச் 5, புதன்

எம்.எல்.ஏ.வுக்கு நானாகவே பதிவுத் தபால் போட்டேன். கூரையின் புகைப்படம் இரண்டு, பொறியாளர் கொடுத்த மதிப்பீடு, எட்டு வரிக் கடிதம். வேலை முடிந்தால் கல்வெட்டில் அவர் பெயர் வரும் என்பதையும் சேர்த்தேன். அதைச் சேர்த்தால் படிப்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

எம்.பி.க்கு ஒன்று. மின்னஞ்சலில் ஒன்று. குருநாதனுக்கு நான்கு தடவை போன். ஐந்தாவது தடவை எடுத்தார். "லெட்டர் வந்துச்சும்மா, அய்யா பார்வைக்கு வச்சிருக்கேன்." சபையில் பேசுவதற்கு இரண்டு வரியில் குறிப்பு எழுதி அனுப்பட்டுமா, பதினைந்து விநாடிக்கு மேல் ஆகாது என்றேன். "அனுப்புங்க" என்றார். எழுதி வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று விநாடி. அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

அவர் பேசிவிட்டால் போதும். அப்புறம் நான் சொன்னது பொய்யில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவுக்குக் கண் பரிசோதனை. டாக்டர் பையன் சின்னவன். "ரெண்டும் போச்சுன்னா என்னம்மா செய்வீங்க, காதும் இல்ல கண்ணும் இல்லன்னா" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டான். கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ரேஷன் கடையில் எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தொடங்கியது இது. "ஊமச்சிக்கெல்லாம் கடைசியிலதான் போடுவேன்" என்றான் எடை போடுகிறவன். அம்மா என்ன என்று கேட்டாள். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்கிறார் என்றேன். அம்மா அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மாவுக்கு வரவில்லை. அது எனக்கு நல்லதாகப் பட்டது.

மார்ச் 26, புதன்

இன்று நம் எம்.எல்.ஏ. பேசுவார் என்று குருநாதன் தகவல் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பெரிய டிவியைப் போனோடு இணைத்து நேரலை போட்டார்கள். சங்கத்து ஆட்கள், பிள்ளைகள், பெற்றோர்கள் என்று அறுபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை நிற்க வைத்தார்கள். ஜெசிந்தா மிஸ்ஸும் மற்ற ஆசிரியர்களும் பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். காது கேட்கிற பெற்றோர்கள் எல்லோரும் ஆலையிலும் காட்டிலும். வந்திருந்தவர்களில் காது கேட்டது எனக்கு மட்டும்தான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் எழுந்தார். எல்லோரும் சால்வைக்காரரின் சைகையைக் காட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் முட்டி போட்டு எழும்பினார்கள். அவர் தன் தலைவரை வாழ்த்தினார். பிறகு புறவழிச்சாலை. கண்மாய்க் கரை. திருவிழாவுக்குக் கூடுதல் பேருந்து. மணி அடித்தது. "ஒரே நிமிடம், பேரவைத் தலைவர் அவர்களே" என்றார். ஒரு பாலம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

சாலை, கண்மாய், பேருந்து எல்லாவற்றையும் அப்படியே கையில் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவர் உட்கார்ந்த பிறகும் அறுபது பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பள்ளியைப் பற்றி எழுத்தில் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னார் என்று சொன்னேன்.

சபையில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். கடைசியில் ஒரே கூச்சலாக இருந்தது. சொல்லியிருக்கலாம், எனக்குக் கேட்டிருக்காது.

கைகள் எல்லாம் மேலே போய் அசைந்தன. சுபிக்‌ஷா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கூழ்வத்தல் போட்டோம். நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

குருநாதன் போன் செய்தார். குரலில் சந்தோஷம். "முனீஸ்வரி, அய்யா உங்க லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. ஜூன்ல சேரச் சொல்லிருவாங்க, ரெடியா இருங்க." பள்ளி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது மேல இருந்து முடிவு பண்ணதும்மா, நம்மளால ஆகுறதில்ல" என்றார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எதையும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இருளப்பண்ணனின் மனைவி செல்வமேரிக்குக் காது கேட்கும். இத்தனை நாளும் தாய் வீட்டில் பிரசவத்துக்குப் போயிருந்தவர் நேற்றுத்தான் வந்தார். அண்ணன் போனிலிருந்த வீடியோக்களைக் குழந்தைக்கு வேடிக்கை காட்டியிருக்கிறார். காது கேட்காதவர்களின் போனில் சத்தம் எப்போதும் முழுதாக இருக்கும். குறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். செல்வமேரிக்கா என் முகத்தைப் பார்க்காமல், "நான் வாயில வந்ததச் சொல்லல முனீஸ். வீடியோவுல உள்ளதத்தான் அவரு கிட்ட சொன்னேன்" என்றார்.

அப்பா பிரஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டை போட்டிருந்தார். போனை வாங்கி மேசையில் சாத்தி வைத்தார். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

மறுபடி சொல் என்றார் அப்பா.

வீடியோ ஓடியது. நான் சொன்னேன். முப்பத்தெட்டா. முந்நூறு என்றல்லவா சொன்னீர். நிதி எழுதியாயிற்று. இதை எங்கே பேச. பாப்போம். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் கையில் சொன்னேன். படித்தும் பிரஸ், படிக்காவிட்டாலும் பிரஸ் என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. அப்பா வீடியோவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினார். சொன்னேன். அதற்குப் பிறகு படத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தான் சிரிப்பதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியில்?

பள்ளியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்றேன்.

அப்பா கோபித்துக் கத்துவார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் அவருக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். இன்று வரவில்லை. மெதுவாகக் கையை எடுத்து, எப்போதிலிருந்து என்று கேட்டார்.

எது எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

பிரஸ் முதலாளி? என்றார். ரேஷன் கடை? ஆஸ்பத்திரி? உன் பள்ளி வாத்தியார்கள்? ஒவ்வொருவரையும் அவர்களின் சைகைப் பெயரால் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்றார். ஜாதகம் சேரவில்லை என்று சொன்னார்களே.

அவர்களும்தான் என்றேன்.

அம்மா முன்னால் வந்தாள். உலகத்தில் எல்லோரும் நம்மிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்களே என்று எனக்கு எப்போதும் சந்தேகம்தான் என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வேலை விஷயத்தையும் இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று சொன்னேன். எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்திருக்கிறார் என்றேன். அதற்காக நான் அப்படிச் செய்யவில்லை என்றும் சொன்னேன். அப்பா என் கையைக் கடைசி வரை பார்த்தார். பிறகு டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்காகச் செய்யவில்லை என்பது உண்மையா என்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜெசிந்தா மிஸ்ஸின் வக்கீலைப் பார்த்தோம். அப்பா என்னோடு வரவில்லை; செல்வமேரிக்காவைக் கூட்டிக்கொண்டு முன் பஸ்ஸில் போனார். நான் அடுத்த பஸ்ஸில் போய் வெளியே நின்றேன். "அறுபது நாள் குடுத்தாங்கல்ல, ஒரு ஆட்சேபணைகூட இல்லையேம்மா. யாரும் எதிர்க்கலைன்னு ஃபைல்ல எழுதி மூடியிருப்பாங்க. போட்டுப் பாக்கலாம், ஆனா நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்" என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

செல்வமேரிக்காவுக்குச் சைகை அரைகுறை. அவர் அப்பாவிடம் சொன்னது: முடியாது.

மே 8, வியாழன்

சங்கச் செயலாளர் பதவியை அப்பா இருளப்பண்ணனிடம் ஒப்படைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே. பெஞ்சு மேல் ஏறி, நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் என்றாராம். மகள் சொன்னாள் என்று சொல்லவில்லையாம். இருளப்பண்ணன் வந்து எனக்குச் சொன்னார்.

பஞ்சவர்ணக்கா ரோட்டில் என்னைப் பார்த்ததும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார்.

மே 14, புதன்

அப்பா தனியாக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய் வந்தார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தானே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அப்பாவின் எழுத்துத் தமிழ் முன்பின்னாக இருக்கும். சைகையின் வரிசையில்தான் அவருக்குச் சொற்கள் வரும். 'பள்ளி மூட வேண்டாம். பெண் பிள்ளை படிப்பு நிற்கும். நீங்கள் சிரித்தது எனக்கு இன்று தெரியும். கோபம் இல்லை. கூரை செய்து தாருங்கள்.' முழுப் பக்கம் எழுதியிருந்தார். காலை ஒன்பதிலிருந்து இரண்டரை வரை உட்கார்ந்திருக்கிறார்.

வந்ததும் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவர் எழுதியதற்குக் கீழே பச்சை மையில், யாருடைய கையெழுத்தோ, ஒரே வரி:

'மகளை அழைத்து வரவும்.'

ஜூன் 2, திங்கள்

பள்ளிகள் திறந்தன. எங்கள் பள்ளியின் கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஜெசிந்தா மிஸ்ஸுக்கு வேறு ஊரில் இடம் போட்டுவிட்டார்கள். போகும்போது வருகைப் பதிவேட்டைக் காட்டினார். இருபத்திரண்டு பெண் பிள்ளைகளில் தலைநகர்ப் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் மூன்று பேர்.

சுபிக்‌ஷா வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பசைக் கையாலேயே, பள்ளிக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள். இனிமேல் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பெரியவர்களிடம் கேட்டுச் சொல் என்றாள்.

ஜூன் 9, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், போ என்றாள். போய் அங்கேயாவது சரியாகச் சொல் என்றாள்.

ஜூன் 23, திங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு முகாம். எம்.எல்.ஏ. மேடையில் தையல் இயந்திரமும் காதொலிக் கருவியும் வழங்கினார். மேடையின் ஓரத்தில் எனக்கு ஒரு மேசை, கழுத்தில் அடையாள அட்டை. காது கேளாதவர்கள் மனுவோடு வந்தால் முதலில் என் எதிரே உட்கார வேண்டும். நான் மைக்கில் சொல்ல வேண்டும். மேடையிலிருந்து வரும் பதிலைக் கையில் சொல்ல வேண்டும்.

எட்டாவது ஆளாக அப்பா வந்தார்.

காலையில் நான் கிளம்பும்போது அவர் பிரஸ்ஸுக்குப் போய்விட்டதாக நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் மனு எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி என்றார். நீ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சரி என்றேன்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்குப் பள்ளியில் இருக்கிறார்கள்?

மைக்கில் சொன்னேன். எம்.எல்.ஏ. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்தார். அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டி, "பதினொண்ணு சார்" என்றார்.

"பதினோரு பேரு சேந்துட்டாங்கல்லய்யா, பெறகென்ன? நல்லதுதான? மத்தவங்களும் மெல்ல மெல்ல வருவாங்க. உக்காரச் சொல்லும்மா, அய்யாவுக்குச் சால்வை ஒண்ணு போட்டு விடுங்கப்பா."

அப்படியே சொன்னேன். பதினொன்று. நல்லதுதானே. மெல்ல மெல்ல வருவார்கள். உட்காரச் சொல். சால்வை. அப்பா என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும், வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான்.

யாரோ சால்வையோடு வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வது போல, நெற்றியைத் தொட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.

அடுத்து ஒரு பெண் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தூரத்துக் கிராமம், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மடியில் நான்கு பக்க மனு. பள்ளி சம்பந்தமான மனுதான், அவள் தம்பிக்காக. முன்னால் போன பெரியவர் கேட்டதைப் பார்த்தேன், என் தம்பியும் அந்தப் பள்ளிதான் என்றாள். பள்ளியைத் திரும்பத் திறப்பார்களா என்று என்னைக் கேட்டாள். மேடையைக் கேட்கவில்லை.

வேறு எப்போதாக இருந்தாலும் ஆறுதலாக ஒன்றைச் சொல்ல எனக்குக் கை தானாக வந்திருக்கும்.

திறக்க மாட்டார்கள் என்றேன்.

அவள் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். மைக்கில் ஒன்றும் சொல்ல வேண்டாமா, எழுதிக் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டாவது போ என்று நான் கை காட்டுவதற்குள் திரும்பிவிட்டாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. எழுந்து பின்னால் போகலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். பத்தாவது ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.